பச்சையம்மாள் கூடையும் என் வெள்ளை வேனும்

போன மாதம் ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் என்னை உழவர்கரையில் நடந்த பயிற்சி ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். வளர்ச்சித் திட்டங்களில் பாலினப் பார்வையை எப்படிச் சேர்ப்பது என்று மூன்று நாள் பயிற்சி. சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட அசதியில் எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கால் மணி நேரம் பேசினேன். ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. பேசி முடித்ததும் பயிற்சி நடத்திய சுகந்தி என்கிற பெண் வந்து, "ஐயா, இத அப்படியே எழுதிக் குடுங்க, எங்க புத்தகத்துல போட்டுக்கறோம்" என்றாள். போடட்டும். போட வேண்டிய விஷயம்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அப்பா மில் தொழிலாளி. என்னையும் மில்லுக்கே அனுப்பப் பார்த்தார். நான் லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். லைசென்ஸ் எடுத்தது என் சாமர்த்தியம். எழுதப் படிக்கக் கற்றது டீக்கடைப் பேப்பரில். பேசக் கற்றது பொதுக்கூட்டங்களில். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டேன். ஒலிபெருக்கி கட்டிய இடத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அதனால் செந்தமிழில் மூச்சுவிடாமல் அரை மணி நேரம் என்னால் பேச முடியும். பெரிய படிப்புப் படித்தவர்கள் திணறுவார்கள், எனக்குத் திணறாது. அந்தத் திறமைதான் இந்தக் கதையில் வேலை செய்தது. கெடுத்ததும் அதுதான்.

எழுபதுகளில் ஒரு சொல்தாவிடம் கார் ஓட்டினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டுக் கூடத்தில் கான்வாஸ் முதுகுப் பை ஒன்று ஆணியில் தொங்கும். "இத முதுகுல மாட்டிட்டா எவ்ளோ கனம் இருந்தாலும் கை ரெண்டும் சும்மா இருக்கும், தெரியுமாடா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். அந்தப் பையை மறக்க வேண்டாம். அவரிடம் இருந்து பிரெஞ்சில் ஏழு வார்த்தைகள் கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியில் மீனவர் திட்டம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்து, அதில் வேலை பார்க்க வந்த வெளிநாட்டு அம்மாவுக்கு டிரைவர் எடுத்தபோது, வரிசையில் நின்றவர்களில் "போன்ஜூர் மதாம்" என்று ஆரம்பித்தவன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கே வேலை.

அந்த மதாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டம் முதலில் படகு இன்ஜினும் நைலான் வலையும் கொடுக்கத்தான் வந்தது. எல்லாம் ஆண்களுக்கு. பிறகு உதவி கொடுக்கிற தேசத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது: இனிமேல் திட்டத்துக்குள் பெண்களும் இருக்க வேண்டும். ஆபீசில் சிரித்தார்கள். "பொம்பளைங்களுக்கு இன்ஜின் ஓட்டக் கத்துக் குடுக்கப் போறாங்களா?" என்று கிளார்க் கேட்டார். அதற்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்து, அதற்கென்று அனுப்பப்பட்டவர்தான் மதாம். நாற்பது வயது இருக்கும். கொண்டைக்குள் ஒரு பென்சில் செருகியிருக்கும். முன் சீட்டில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். குப்பத்துக்குள் நுழையும் முன் வேனை நிறுத்தச் சொல்வார். கிளம்பிய புழுதி அடங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்து, பிறகு இறங்கி நடப்பார். யார் வீட்டுச் சோற்றிலும் எங்கள் வண்டி மண் விழக் கூடாது. அது அவர் வழக்கம். நான் பார்த்த எந்த அதிகாரிக்கும் அது தோன்றியதில்லை.

அவர் தமிழ் கற்றது ஒரு புலவரிடம். கற்றது முழுக்க ஏட்டுத் தமிழ். என்னை "ரத்தினவேலு அவர்களே, இவ்விடம் சற்றே நிறுத்துவீராக" என்பார். அவருக்குக் குப்பத்துப் பேச்சு புரியாது, குப்பத்துக்கு அவர் பேச்சு புரியாது. நடுவில் நான். தமிழில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவன் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. ஆனால் கிளார்க்குக்குக் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைத்தது.

மதாம் வேலை செய்கிற முறையும் புதுசு. எங்கள் ஆபீசில் ஒரு படிவம் இருந்தது. அதைப் பூர்த்தி செய்கிறவர் வீட்டுத் தலைவரைக் கேட்பார், "வீட்டம்மா என்ன வேலை?" என்று. "சும்மாதான் இருக்கா" என்று பதில் வரும். அப்படிச் சொல்கிறவரின் பெண்சாதி அப்போதுதான் கூடையோடு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள். மதாம் அந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டார். மணலில் ஒரு நீளக் கோடு போடச் சொல்வார். ஒரு முனை விடிகாலை, மறு முனை படுக்கப் போகிற நேரம். இடையில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிளிஞ்சலை வைக்க வேண்டும். ஆண்கள் ஒரு கோடு, பெண்கள் ஒரு கோடு. ஆண்கள் கோட்டில் கிளிஞ்சல் விட்டுவிட்டு இருக்கும். பெண்கள் கோட்டில் வைக்க இடம் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். ஒரு குப்பத்தில் ஊர்த் தலைவரான நாட்டார் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க கிளிஞ்சலு சின்னதா பொறுக்கியிருக்காங்க" என்றார்.

அந்தக் குப்பம் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கேதான் பச்சையம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷனுக்குக் காலில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. மூன்று பிள்ளைகள். வீடு முழுக்க அவள் தலைக்கூடையில்தான் ஓடியது. கரையில் மீன் எடுத்து, டவுனில் தெருத்தெருவாக விற்பாள். அவளைப்போல் இன்னும் ஒன்பது பேர். கோட்டில் கிளிஞ்சல் வைத்து முடித்ததும் மதாம் அவளைக் கேட்டார்:

"இவற்றுள் தங்களுக்கு மிகுந்த இன்னல் தருவது யாது?"

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். "இன்னா சொல்லுது?"

"எதுல ரொம்பக் கஷ்டம்னு கேக்கறாங்க."

"இத கேக்கவா இவ்ளோ தூரம் வந்துச்சு? நடக்கறதுதான். கூடை எங்க தலைக்குப் பழக்கம். இங்கேர்ந்து மணல்ல நடந்து, ரோட்டுக்குப் போயி, பஸ்காரன் மீனுன்னு ஏத்தாம உட்டுட்டு, டவுனு போய்ச் சேர்றதுக்குள்ள மீனு நொந்துபூடுது. இதோ வெள்ளையா நிக்குதே உங்க வண்டி, காலியாத்தான டவுனுக்குப் போவுது? இதுல ஏத்திட்டுப் போவச் சொல்லு."

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பயிற்சியிலும் சொன்னேன். அந்த வேன் புத்தம்புதுசு. தினமும் காலையில் நானே கழுவி, சீட்டைத் துடைத்து, முன்னால் ஒரு மல்லிகைச் சரம் மாட்டுவேன். அதைப் பார்த்து எங்கள் தெருவே பொறாமைப்பட்டது. அதில் பத்து மீன் கூடை ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். மதாம் பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கூடைச் சுமை தாங்க இயலவில்லை என்கிறார், மதாம்" என்றேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஒரே வாக்கியம். மதாம் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது நானாகவே இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். "ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கூடையை இறக்க யாரையாவது கை கொடுக்கக் கெஞ்ச வேண்டியிருக்கிறது மதாம். தனியாக இறக்க முடியாது, தனியாக ஏற்றவும் முடியாது. முதுகில் மாட்டுகிற பெட்டி இருந்தால் யார் தயவும் வேண்டாம்." சொல்தா வீட்டுப் பை எனக்குக் கை கொடுத்தது. மதாம் வண்டியை ஓரம் நிறுத்தச் சொல்லி அங்கேயே படம் வரைந்தார். உழவர்கரையில் ஒரு பட்டறையில் பத்துப் பெட்டிகள் செய்தோம். லேசான தகரம், உள்ளே ஐஸ் வைக்க அடுக்கு, மேலே மூடி, பின்னால் இரண்டு வார். பார்க்க அவ்வளவு அழகு. என் யோசனை என்று ஆபீசில் எல்லோருக்கும் சொன்னேன்.

பெட்டியைக் கொடுத்து ஒரு மாதம் கழித்துப் போனோம். ஒரு பெட்டியில் அரிசி இருந்தது. ஒன்றில் பிள்ளைகள் துணி. பச்சையம்மாள் வீட்டுப் பெட்டியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பழையபடி கூடையோடு.

நாட்டார் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே. பொம்பளைங்களுக்குக் குடுத்தா இப்டித்தான். அந்தப் பிரிவ மூடிட்டு எங்களுக்கு ரெண்டு இன்ஜினு சேத்துக் குடுங்க."

ஆபீசிலும் அதே பேச்சு. இரண்டு வாரத்தில் மதாமின் தேசத்தில் இருந்து மூன்று பேர் வந்து பார்க்கப் போகிறார்கள். பெண்கள் பிரிவு வேண்டுமா, வேண்டாமா என்று அவர்கள் முடிவு சொல்வார்கள். வேண்டாம் என்றால் மதாம் ஊருக்குப் போவார். பச்சையம்மாள் கால் தேயும்வரை நடப்பாள். அவ்வளவுதான்.

மதாம் கோபப்படவில்லை. கோழியை எழுப்பாமல் பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு வேறொரு வீட்டில் காலியாக இருந்த பெட்டியை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"ரத்தினவேலு அவர்களே, நாளை இதனைத் தாங்களே சுமந்து சென்று மீன் விற்க வேண்டும்."

"மதாம், நான் டிரைவர்."

"அறிவேன்."

மறுநாள் பச்சையம்மாள் கூடையோடும் நான் பெட்டியோடும் கிளம்பினோம். கூட இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் கரைக் காக்கையெல்லாம் பறந்துபோனது. "டிரைவரே, ரிவர்ஸ் எடுக்கறப்ப பாத்து எடு" என்றாள் ஒருத்தி. பச்சையம்மாளுக்குப் பழகிய வாடிக்கைத் தெருக்கள் முதலியார்பேட்டையில். என் வீடும் அங்கேதான். அந்த வழியில் என்னைக் கூட்டிப் போனதை அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

முதல் தெரு. பெட்டியை மாட்டிக்கொண்டு "மீனு, மீனே" என்று கூவினேன். மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த குரல், தெருக்கோடிவரை கேட்டிருக்கும். ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக, "என்னா மீனு?" என்று கேட்டார். நான் பெட்டியைக் காட்டத் திரும்பினேன். அவருக்குத் தெரிந்தது என் பெட்டியின் மூடி. "ஒண்ணும் வேணாம்பா, போ" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அடுத்தது எங்கள் தெரு. என் சம்சாரம் சரோஜா வாசலில் நின்றிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, வேலைய உட்டுத் தூக்கிட்டாங்களா?"

"ஆபீஸ் வேலதான். மீன் வாங்கு."

"நான் பச்சையம்மாகிட்டதான் வாங்குவேன்" என்றாள்.

அதற்குள் பச்சையம்மாள் வந்துவிட்டாள். அவள் கூவக்கூட இல்லை. வாசலுக்கு நேராக நின்று, "எம்மா, ஒரு கை குடு" என்றாள், அவ்வளவுதான். சரோஜா படி இறங்கி வந்து இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று கூடையைத் தரையில் இறக்கினார்கள். பச்சையம்மாள் மேலே மூடியிருந்த இலையை விலக்கினாள். சங்கரா, கவளை, ஓரத்தில் கொஞ்சம் காரப்பொடி மீன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கூடையைச் சுற்றி ஐந்து பெண்கள் குந்திவிட்டார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், கண்ணை அமுக்கிப் பார்க்கிறார்கள், நடுவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் வந்திருக்கிறது என்கிற பேச்சு. கூடையை இறக்கியவளுக்கு முதல் மீன். அவள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். என் வீட்டில் பத்து வருஷமாக இது நடந்திருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

பச்சையம்மாள் போன பிறகு சரோஜாவைக் கேட்டேன், "ஏன், எங்கிட்ட இருந்ததும் அதே கரை மீனுதான?"

"கூடைய இறக்க நாமளே கை குடுத்துட்டு அப்புறம் எப்டிங்க வாங்காம உள்ள போறது? நீங்க யாரு கையும் வேணாம்னு முதுகக் காட்டிட்டு நிக்கறீங்க. யாரு வருவா?"

மூன்றாம் வகுப்பு படித்த நான் சொன்னதை மதாம் படம் போட்டார், பட்டறைக்காரர் செய்தார், ஆபீஸ் ஒப்புதல் கொடுத்தது. இரண்டாம் வகுப்பு படித்த சரோஜாவை ஒருத்தரும் கேட்கவில்லை. கெஞ்சல் என்று நான் நினைத்த அந்த ஒரு கைதான் அவர்கள் வியாபாரமே.

சாயந்திரம் மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, கை, முதல் மீன், எல்லாம். பென்சில் நிற்காமல் ஓடியது. முதல் நாள் நான் விழுங்கிய வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. வெளியே வேன் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

வெளிநாட்டு ஆட்கள் மூன்று பேரும் வந்தார்கள். வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம். ஒரு பக்கம் நாட்டாரும் ஆண்களும், ஒரு பக்கம் பெண்கள். கோழி இருந்த பெட்டியை நாட்டார் ஆள் விட்டுக் கொண்டுவரச் செய்து நடுவில் வைத்திருந்தார். கோழியோடு. வந்தவர்களில் பெரியவர் கேட்பதை மதாம் ஏட்டுத் தமிழில் சொல்வார், நான் குப்பத்துத் தமிழில் சொல்வேன். பதில் அதே வழியில் திரும்பிப் போகும்.

"உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?" இதுதான் கேள்வி. பச்சையம்மாள் எழுந்தாள்.

"நான் மொத நாளே சொன்னேன். மீனு ஏத்திப் போவ வண்டி வேணும்னு. பொட்டி எவ கேட்டா? இந்த டிரைவரு அவன் வண்டி நாறிப்பூடும்னு நான் சொன்னத முழுங்கிட்டான். மல்லிப்பூ கட்டிக் கோயில் தேராட்டம் வச்சிருக்கான் அத. இப்பவும் சொல்ல மாட்டான், வேணா பாரு."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. மதாம் என் பக்கம் திரும்பினார். அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அவள் சொன்னது தெரியும். தெரிய வேண்டிய நான்கு பேருக்குத் தெரியாது. நான் அன்று "பெட்டியில் சிறு குறை உள்ளது என்கிறார்" என்று சொல்லியிருந்தால் என் வேலையும் போகாது, வேனும் போகாது. பிரிவு மட்டும் மூடப்பட்டிருக்கும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். என் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறந்த செந்தமிழ் அதுதான்.

"மதாம், முதல் நாளிலேயே இவர் வேண்டியது வண்டி. பெட்டியை எவரும் வேண்டவில்லை. இவ்விடம் நிற்கும் ஓட்டுநராகிய ரத்தினவேலு என்பவன், தன் வண்டியில் நாற்றம் ஏறும் என்று அஞ்சி, இவர் உரைத்ததை மறைத்துவிட்டான். வண்டியைத் தேர்போல் அலங்கரித்து வைத்திருக்கிறான். இப்பொழுதும் அவன் உண்மை உரைக்க மாட்டான் என்று இவர் ஐயுறுகிறார்."

ஒரு சொல் விடவில்லை. மதாம் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு திரும்பி அவர்களுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினாரோ கோபத்தை அடக்கினாரோ, எனக்குத் தெரியாது. பெரியவர் சிரித்தேவிட்டார். எழுந்து போய் வேனைச் சுற்றி வந்தார், மல்லிகைச் சரத்தை முகர்ந்தார், பின் கதவைத் திறந்து பார்த்தார். பத்துக் கூடைக்கு இடம் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணினார். நாட்டார், "அப்ப இன்ஜினு?" என்றார். அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பிரிவு மூடப்படவில்லை. வேனின் பின் சீட்டுகளைக் கழற்றித் தகரம் அடித்தோம். மதாம் அதற்கு மேல் என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இனி எதையும் விழுங்க மாட்டீர் அல்லவா?" மாட்டேன் என்றேன். தினமும் காலையில் பத்துப் பெண்களும் பத்துக் கூடைகளும், டவுனுக்கு. பொழுது ஏறும் முன் போய்விடுவதால் மீன் கண்ணாடியாக இருக்கும். முதல் நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்து பச்சையம்மாள் குரல் வந்தது.

"இன்னா தூங்கறியா டிரைவரே? வந்து கை குடு."

கொடுத்தேன். பத்துக் கூடையையும் இறக்கினேன். கடைசிக் கூடை தரையில் பட்டதும் அவள் இலையை விலக்கிக் காட்டினாள். "எடு. இறக்கனவன் வாங்காம போவக்கூடாது." அப்படி ஆரம்பித்தது. மதாம் இருந்தவரை எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான். சரோஜா மிளகாய் அரைத்து அரைத்துக் கை நோகிறது என்றாள். அதையும் மதாமிடம் சொன்னேன். கிளிஞ்சல் கணக்கில் அதுவும் ஒரு கிளிஞ்சல் என்று சொல்லி எழுதிக்கொண்டார். அம்மியை அன்றைக்கே நான் கையில் எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுத்தது இரண்டு வருஷம் கழித்து.

எண்பதுகளின் கடைசியில் மதாம் ஊருக்குத் திரும்பினார். விடைபெறக் குப்பத்துக்குப் போனோம். வழக்கம்போலப் புழுதி அடங்கும்வரை வண்டியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினார். பச்சையம்மாள் அன்றைய கூடையைத் தரையில் வைத்துக்கொண்டு அவரிடம் நிறையப் பேசினாள். முடித்ததும் மதாம் என்னைப் பார்த்தார்.

"தாங்கள் இத்தனை ஆண்டும் பேரம் பேசாமல் மீன் வாங்கினீர்கள் மதாம். ஒவ்வொரு முறையும் தங்களிடம் அதிக விலைதான் சொன்னாராம். மன்னிக்க வேண்டும் என்கிறார்."

மதாம் பென்சிலைக் கொண்டையில் செருகினார். "அதை நான் முதல் நாளே அறிவேன்" என்றார்.

"மொத நாளே தெரியுமாம்" என்றேன்.

பச்சையம்மாள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். "கெட்டிக்காரிதான். கூடைய ஏத்தி உட ஒரு கை குடுக்கச் சொல்லு."

நான் சொல்வதற்குள் மதாம் கூடையைப் பிடித்துவிட்டார். அது ஒன்றுக்கு மட்டும் அவருக்கு நான் தேவைப்படவில்லை.